யாழ்ப்பாணத்துச் சாயவேரால் பருத்தித் துணிக்குச் செந்நிறம் ஏற்றும் முறை

செவ்வரத்தம்பூவை அவித்த நீரிலோ பீற்றூட் சாற்றிலோ வெள்ளைத் துணியைத் தோய்த்துப் பார்த்தவர்களுக்கு அதன் முடிவு தெரிந்திருக்கும். துணி முதலில் கண்ணைக் கவரும் சிவப்பாக எழும். ஒரு சவர்க்காரத் தோய்ப்பில் சாம்பல் நிறமாகி, இரண்டாவது தோய்ப்பில் அழுக்குக் கறை போலாகிவிடும். பூவின் சிவப்பும் பீற்றூட்டின் சிவப்பும் நீரில் கரைந்து வந்தவை. அவை நீரிலேயே கரைந்து போகவும் செய்யும். நூறு தடவை தோய்த்தாலும் பருத்தியை விட்டுப் போகாத செந்நிறத்தை எங்கள் முன்னோர் பூவிலிருந்து எடுக்கவில்லை. மணற்பாங்கான கரையோரங்களில் தரையோடு படர்ந்து கிடக்கும் ஒரு சிறு பூண்டின் வேரிலிருந்தே எடுத்தார்கள். அதுவே சாயவேர். சித்த மருத்துவர்கள் அதனை இம்பூறல் என்பார்கள்.

யாழ்ப்பாணம், மன்னார், தீவகம் ஆகிய பகுதிகளின் மணலில் விளைந்த இவ்வேருக்குச் சோழமண்டலக் கரைச் சாயத் தொழிலாளரிடையே பெருமதிப்பு இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், யானையையும் முத்தையும் போலச் சாயவேரையும் தங்கள் கம்பனியின் தனியுரிமையாக்கினர். யாழ்ப்பாணத்துக் கொமாண்டராக இருந்த ஹென்ட்ரிக் ஸ்வார்டெக்ரூன் 1697இல் எழுதி வைத்த நிருவாகக் குறிப்பிலும் சாயவேர் பற்றிய விவரம் இடம்பெறுகிறது. வேர் கிண்டுவதைக் கட்டாயக் கடமையாகச் செய்ய நேர்ந்த எளிய மக்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை என்பதை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். ஐரோப்பியச் சீமாட்டிகள் அணிந்த பூவேலைத் துணிகளின் சிவப்புக்குள் அம்மக்களின் முதுகு வளைந்த உழைப்பும் இருந்தது. பின்னர் 1868இல் கார்ல் கிரேபே, கார்ல் லீபர்மான் என்ற இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் ஒரு பொருளைக் கொண்டு, இவ்வகை வேர்களிலுள்ள அலிசரின் என்னும் சாயப்பொருளைச் செயற்கையாக ஆக்கினார்கள். அடுத்த ஆண்டே அதன் தொழிற்சாலை உற்பத்திக்கான உரிமங்கள் பதிவாகின. அதன் பிறகு வேர் கிண்டுவோரைத் தேடி வருவார் இல்லாமற் போயினர்.

இம்முறையை நான் பல ஆண்டுகளாகச் சிறு அளவில் செய்து வருகிறேன். என் அனுபவத்தில் இச்செந்நிறத்தின் ஒரு பாதி வேரில் இருக்கிறது. மற்றப் பாதி எங்கள் கிணற்றில் இருக்கிறது. இதனைச் சற்று விளக்க வேண்டும்.

வேரா, நீரா

அலிசரின் தனியே நின்றால் செந்நிறம் தராது. அது மஞ்சளும் செம்மஞ்சளுமாகவே இருக்கும். பருத்தி நாரையும் அது பற்றிக்கொள்ளாது. அலுமினியமும் கல்சியமும் அதனோடு கூடும்போதுதான் நீரில் கரையாத, வெயிலையும் சவர்க்காரத்தையும் தாங்கும் செந்நிறம் உருவாகிறது. அலுமினியம் சீனக்காரத்திலிருந்து கிடைக்கும். கல்சியம் நீரிலிருந்து வர வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மீது அமைந்தது. மழைநீர் அக்கல்லினூடாக இறங்கிக் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டே கிணற்றை அடைகிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைக் கண்டு நாங்கள் அலுத்துக்கொள்ளும் அதே கல்சியந்தான் துணியில் சிவப்பாக மாறுகிறது.

அலிசரினுக்கும் கல்சியத்துக்கும் உள்ள இந்த ஒட்டுறவை மருத்துவ உலகமும் அறியும். 1736இல் ஜோன் பெல்ச்சியர் என்ற இலண்டன் சத்திர வைத்தியர், சாயக்காரர் ஒருவரிடம் மிஞ்சிய சாயம் தோய்ந்த தவிட்டைத் தின்று வளர்ந்த பன்றியின் எலும்புகள் சிவந்திருந்ததைக் கண்டு எழுதினார். அச்சாயம் எங்கள் சாயவேரின் உறவான மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து வந்தது. எலும்பு வளரும் இடத்தில் சேரும் கல்சியத்தைச் சாயம் பற்றிக்கொண்டமையே அதற்குக் காரணம். இன்றும் ஆய்வுகூடங்களில் எலும்பையும் உடலில் சேர்ந்த கல்சியப் படிவையும் காட்டுவதற்கு அலிசரின் சிவப்பையே பயன்படுத்துகிறார்கள்.

ஒருமுறை ஒரே வேர்த்தூளை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை நீர்வேலிப் பக்கத்துத் தோட்டக் கிணற்றின் நீரிலும் மறு பங்கைத் தொட்டியில் சேர்த்த மழைநீரிலும் இட்டு, ஒரே துணியிலிருந்து கிழித்த இரண்டு துண்டுகளைத் தோய்த்தேன். மழைநீர்த் துண்டு பழைய செங்கல்லின் நிறத்தில், சற்றுச் சோர்ந்து நின்றது. கிணற்றுநீர்த் துண்டோ வெட்சிப்பூவின் சிவப்பை எட்டியது. அன்று முதல் சாயம் காய்ச்சுவதற்கு மழைநீரை நான் தொடுவதில்லை.

ஆனால் எந்தக் கிணறும் ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது. உப்புக் கரிக்கும் உவர்நீர் தவிர்க்கப்பட வேண்டும். நிறைத்து வைத்தால் மேலே துருநிறப் படலம் கட்டும் குழாய்க்கிணற்று நீரில் இரும்பு இருக்கும். அது செந்நிறத்தைக் கறுப்பூதாவாக்கிக் கெடுத்துவிடும். குடிக்க இனிப்பதும், கேத்தலில் வெள்ளைப் படிவு விடுவதுமான கிணற்றுநீரே உகந்தது. மழைநீரைத் தவிர வேறு நீர் கிடைக்காதவர்கள், நன்கு அரைத்த முட்டைக்கோதுத் தூள் ஒரு தேக்கரண்டி அளவைச் சாயப் பானையில் சேர்த்துக்கொள்ளலாம்.

வேரை அறிதலும் சேர்த்தலும்

சாயவேர்ச் செடி ஒடுங்கிய சிற்றிலைகளும் கொத்தாகப் பூக்கும் மிகச் சிறிய வெண்பூக்களும் கொண்டது. மணலில் சாய்ந்து படரும். செடியின் சிறுமையைப் பார்த்து வேரை மதிப்பிடக் கூடாது. ஈர்க்கை விட மெல்லிய வேர் மணலுக்குள் நேராக நீண்டு இறங்கியிருக்கும். அதன் தோல் செம்மஞ்சளாகவும் நடுத்தண்டு வெளிறியதாகவும் இருக்கும். சாயம் தோலில்தான் உள்ளது. இரண்டு ஆண்டு வளர்ந்த செடியின் வேரே நல்ல நிறம் தரும். ஐயமிருந்தால் வேரின் ஒரு துண்டை நீரில் நனைத்து, வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்பு சிறிதளவை அதன்மீது தேய்த்துப் பாருங்கள். தோல் சில நொடிகளில் ஊதா கலந்த சிவப்பாக மாறினால் அது சாயமுள்ள வேர். மாறாவிட்டால் அதை விட்டுவிடலாம்.

காட்டுச் செடியைக் கிண்டுவதை நான் ஊக்குவிக்கமாட்டேன். ஒரு சால்வைக்குத் தேவையான வேரைச் சேர்க்கப் பல நூறு செடிகளைப் பிடுங்க வேண்டியிருக்கும். கரையோர மணல்மேடுகள் ஏற்கெனவே போதிய அளவு வெறுமையாகிவிட்டன. வளவின் ஒரு மூலையில் மணல் கலந்த பாத்தி அமைத்து, ஐப்பசி மழையோடு விதைத்துவிடுவதே முறையானது. விதை தூசி போன்று சிறியதாகையால் உலர்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே மண் மூடாமல் கையால் மெல்ல அழுத்திவிட வேண்டும். அறுவடைக்கு முதல் நாள் பாத்திக்குத் தாராளமாக நீர் விட்டால் வேர் அறாமல் முழுதாக வரும். கழுவி, நிழலில் உலர்த்தி, ஈரம் படாமல் கட்டி வைக்கலாம்.

பாத்தி விளையும் வரை காத்திருக்க இயலாதவர்கள் நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி வேரை வாங்கிச் சம பங்காகக் கலந்துகொள்ளலாம். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வெட்சியும் கோப்பியும் அக்குடும்பத்தவையே. மஞ்சிட்டி தனியே செம்மஞ்சட் சாயலைத் தரும்; சாயவேர் தனியே ஆழ்ந்த சிவப்பைத் தரும். இரண்டும் கூடும்போது கிடைப்பது, செவ்வேள் என்று நிறத்தாலேயே பெயர் கொண்ட முருகனுக்குச் சாத்தும் பட்டின் அந்தத் தீச்சிவப்புக்கு மிக அருகில் நிற்கும். எனக்கு அக்கலவையே பிடித்தமானது.

துணியை ஆயத்தப்படுத்தல்

இனிக் கூறும் அளவுகள் யாவும் 100 கிராம் எடையுள்ள உலர்ந்த பருத்தித் துணிக்குரியவை. மெல்லிய சால்வை ஒன்று ஏறத்தாழ அந்த எடை வரும். முதன்முறை செய்பவர்கள் ஒரு லேஞ்சியில் தொடங்கி, அளவுகளை எடைக்கேற்பக் குறைத்துக்கொள்வது நல்லது. பொலியெஸ்டர் கலந்த துணியில் இச்சாயம் பிடிக்காது.

புதுத்துணியில் நெசவுக் கஞ்சியும் பருத்தியின் இயற்கை மெழுகும் இருக்கும். 3 கிராம் சலவைச் சோடாவையும் சிறிது சவர்க்காரத்தையும் நீரில் கரைத்து, அதில் துணியை ஒரு மணிநேரம் கொதிக்க வைக்க வேண்டும். இவ்வொரு வேலைக்கு மட்டும் மழைநீரே சிறந்தது. கிணற்றுநீரின் கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து பிசுபிசுத்த வெண்படிவாகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். நீர் பழுப்பாக இறங்கினால் மீண்டும் ஒருமுறை அவித்து அலச வேண்டும். ஒரு துளி நீரைத் துணியின்மேல் விட்டவுடன் அது உருண்டு நில்லாமல் உடனே உறிஞ்சப்பட்டால், துணி ஆயத்தமாகிவிட்டது என்று கொள்ளலாம்.

அடுத்தது கடுக்காய். பருத்திக்குத் தானாக அலுமினியத்தைப் பிடித்துவைக்கும் ஆற்றல் இல்லை. கடுக்காயின் துவர்ப்பே இடையில் நின்று இரண்டையும் பிணைக்கிறது. கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 20 கிராமை வெந்நீரில் ஓரிரவு ஊறவைத்து, மெல்லிய துணியால் வடித்து, அந்நீரில் சால்வையை நான்கைந்து மணிநேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். பின்னர் பிழிந்து, அலசாமல், வெயிலில் உலர்த்த வேண்டும். துணி வெளிறிய மஞ்சளாகியிருக்கும். தென்னிந்தியச் சாயமுறையை 1742இல் எழுதி அனுப்பிய கேர்தூ பாதிரியார், கடுக்காயோடு எருமைப்பாலும் சேர்க்கப்பட்டதைக் குறித்துள்ளார். துணியில் பூவேலை வரைபவர்களுக்கு, இடும் சீனக்காரம் பரவாமல் நிற்கப் பால் உதவும். முழுத்துணியையும் ஒரே நிறமாகத் தோய்ப்பவர்களுக்கு அது கட்டாயமில்லை.

பிறகு சீனக்காரம். 20 கிராம் சீனக்காரத்தை வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்தில் 3 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து, அதைச் சிறிது சிறிதாகச் சீனக்கார நீரில் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், பொங்கி அடங்கிய பின்னரே அடுத்த கரண்டி ஊற்ற வேண்டும். ஊற்றும்போது வெண்மையான திரள் தோன்றி, கிளறியதும் கரைந்து மறையும். அது மறையாமல் நிலைத்தால் சோடா கூடிவிட்டது என்று பொருள். அப்போது இன்னும் சிறிது சீனக்காரம் சேர்க்கலாம். உலர்ந்த கடுக்காய்த் துணியை நனைத்துப் பிழிந்து இந்நீரில் இட்டு, மடிப்பு விழாதபடி அவ்வப்போது திருப்பிக்கொண்டு, ஓரிரவு வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் பிழிந்து உலர்த்தி, இரண்டு மூன்று நாட்கள் அப்படியே தொங்கவிடுங்கள். ஆடிமாதச் சோழகம் வீசும் நாட்களில் இது மிக நன்றாகக் கைகூடும்; மாரியில் துணி உலராமல் பூஞ்சணம் பிடித்த அனுபவம் எனக்கு உண்டு. இக்காத்திருப்பில்தான் அலுமினியம் நாரோடு உறைந்து நிற்கிறது. காத்திருந்த துணியை நிறைந்த நீரில் மூன்று தடவை நன்றாக அலச வேண்டும். நாரில் ஒட்டாத சீனக்காரம் மிஞ்சியிருந்தால், அது சாயப் பானைக்குள் கரைந்து இறங்கிச் சாயத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். பானையின் அடியில் சிவப்புச் சேறு தங்கும், துணியோ வெளிறிப்போகும். பலருடைய முயற்சி தவறுவது இவ்விடத்தில்தான்.

சாயம் காய்ச்சுதல்

உலர்ந்த வேர் 200 கிராம் வேண்டும். அதை இரண்டு பங்காகப் பிரித்து, இரண்டு முறை காய்ச்ச வேண்டும். ஒரே முறையில் முழுவதையும் இடுவதை விட இவ்வாறு இரு முறை ஏற்றும் நிறம் ஆழமாகவும் திட்டு விழாமலும் அமையும். வேரைச் சிறு துண்டுகளாக நறுக்கி உரலில் இட்டு இடித்து, தோல் பொடிந்து நடுத்தண்டு நாராகப் பிரியும் பதத்தில் எடுத்து, நான்கு லீற்றர் கிணற்றுநீரில் ஓரிரவு ஊறவைக்க வேண்டும். பாத்திரம் எவர்சில்வராகவோ அலுமினியமாகவோ இருக்கட்டும். இரும்பு கூடவே கூடாது. கிளறுவதற்கும் மரக்கோலையே பயன்படுத்த வேண்டும்.

இரும்பைப் பற்றி இத்தனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், கோயிலுக்குக் கொடுப்பதற்கென்று நான் தோய்த்த சால்வையை அவசரத்தில் பழைய தகரவாளியொன்றில் ஊறவைத்தேன். வாளியின் பூச்சு விளிம்பில் உரிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. காலையில் எடுத்தபோது, துருப்பட்ட இடமெல்லாம் நாவற்பழத்தைத் தேய்த்தது போன்று கறுத்த ஊதாத் திட்டுக்கள். கடுக்காயோடு கூடிய இரும்பு மையாகிறது; சாயவேரோடு கூடிய இரும்பு கறுப்பூதாவாகிறது; அத்துணியில் இரண்டும் ஒருங்கே நிகழ்ந்திருந்தன. அத்திட்டுக்களை நீக்க வழியே இருக்கவில்லை.

ஊறிய வேரும் நீரும் உள்ள பானையில், அலசி ஈரமாயிருக்கும் துணியை இட்டு, மிக மெல்லிய தீயில் ஏற்றுங்கள். முதல் ஒரு மணிநேரம் கை பொறுக்கும் சூட்டைத் தாண்டக் கூடாது. இரண்டாவது மணிநேரத்தில் சூட்டைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பானையின் ஓரத்தில் சிறு குமிழிகள் எழும் நிலையில் நிறுத்தி, மேலும் ஒரு மணிநேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். மஞ்சிட்டி கலந்திருந்தால் குமிழி எழும் முன்பே, ஏறத்தாழ 70 பாகை செல்சியஸில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேற்பட்ட சூட்டில் அவ்வேரின் பழுப்பும் வெளிப்பட்டுச் செம்மையை மங்கச் செய்யும். துணியை அடிக்கடி திருப்பிவிட வேண்டும். வேர்த்தூள் துணியோடு கலந்து கிடப்பது நல்லதே. பின்னர் உதறினால் போய்விடும்.

காய்ச்சும்போது பானையைப் பார்த்து மனந்தளர வேண்டாம். நீர் மங்கிய செம்மஞ்சளாக, தேநீர் போலவே இருக்கும். சிவப்பு நீரில் தெரியாது, துணியில்தான் மெல்ல மெல்லத் திரளும். முதலில் சந்தனம் போலும், பிறகு செம்மண் போலும் தோன்றி, இரண்டாம் மணிநேரத்தின் முடிவில் ஈரத்துணியைத் தூக்கி வெயிலில் பிடித்தால் உள்ளிருந்து எழும் சிவப்பு கண்ணுக்குப் புலப்படும். அடுப்பை அணைத்து, துணியைப் பானைக்குள்ளேயே ஆறவிட்டு, மறுநாள் எடுத்து, அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டு மற்றப் பங்கு வேரில் இதே முறையை மீண்டும் செய்ய வேண்டும். இதைவிட ஆழ்ந்த நிறம் வேண்டுபவர்கள் இரண்டு காய்ச்சலுக்கும் இடையே சீனக்காரத்தையும் பாதியளவில் ஒருமுறை திரும்ப ஏற்றலாம்.

இறுதியாகச் சவர்க்காரக் கொதி. வெள்ளைச் சவர்க்காரம் சிறிதளவை மழைநீரில் கரைத்து, சாயம் ஏறி உலர்ந்த துணியை அதில் கால் மணிநேரம் கொதிக்க வைக்க வேண்டும். முதன்முறை இதைச் செய்தபோது எனக்கு நெஞ்சம் பதறியது. அத்தனை நாள் உழைத்து ஏற்றிய நிறம் கழன்றுவிடுமே என்று எண்ணினேன். கழன்றது பழுப்பும் மஞ்சளுமே. பானையிலிருந்து வெளிவந்த துணி முன்னிருந்ததை விடத் தெளிந்து, மங்கல் நீங்கி, உண்மையான சிவப்பாக நின்றது.

நிறம் தவறினால்

துணி ஊதாச் சாயல் கொண்டுவிட்டால், இரும்பு கலக்கவில்லை என்று உறுதியானவிடத்து, நீரில் காரத்தன்மை மிகுந்திருக்கிறது என்று பொருள். ஒரு வாளி நீரில் அரைத் தேசிக்காய்ச் சாறு பிழிந்து, துணியை அதில் ஒரு நிமிடம் மட்டும் அமிழ்த்தி உடனே நன்றாக அலசினால் சாயல் செம்மைக்குத் திரும்பும். நீண்ட நேரம் வைத்தால் புளிப்பு கல்சியத்தைக் கரைத்து நிறத்தையே கீழிறக்கிவிடும். ஆகவே முதலில் சிறு துண்டில் சோதித்துப் பார்க்க வேண்டும். துணி திட்டுத்திட்டாக அமைந்தால் பெரும்பாலும் கஞ்சி முழுதாக நீங்காமையே காரணம். வெளிறிய நிறத்துக்குக் காரணம் வேரின் இளமை, அல்லது முன்னர் கூறிய அலசற் குறை.

மதுரையின் சாயத் தொழிலாளர் உமரிச் செடியின் சாம்பலையும் நல்லெண்ணெயையும் குழைத்துத் துணியில் மீண்டும் மீண்டும் ஏற்றி, அதன் பின்னரே சாயவேரில் காய்ச்சிப் பெயர்பெற்ற செந்நிறத்தைப் பெற்றார்கள். உமரி எங்கள் கடனீரேரிக் கரைகளிலும் நிறைய உண்டு. அம்முறை பல வாரங்கள் பிடிக்கும். கைப்பழக்கம் வந்தவர்கள் முயலலாம்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். சாயப் பாத்திரங்களைச் சமையலுக்குத் திருப்பக் கூடாது. இம்பூறல் இருமலுக்கும் இரத்தம் கக்கும் நோய்க்கும் சித்த மருத்துவத்தில் வழங்கும் மூலிகை என்பதற்காக, சாயம் காய்ச்சிய நீரையோ மிஞ்சிய வேரையோ எவரும் மருந்தாக உட்கொள்ள வேண்டாம். மருந்து வேண்டுவோர் மருத்துவரிடமே செல்ல வேண்டும். செந்நிறம் தேடும் ஆர்வத்தில் கார்த்திகைப்பூச் செடியைப் பறித்து அவிக்க முனைபவர்களையும் கண்டிருக்கிறேன். அதன் கிழங்கு முதல் விதை வரை கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. கீல்வாதத்துக்கு மருத்துவர் மிக நுண்ணிய அளவில் கொடுக்கும் அதே பொருள், அளவு மீறினால் உயிரைப் பறிக்கும். அதன் பூவில் துணியில் நிற்கும் சாயமும் இல்லை.

இரண்டாம் காய்ச்சலின் நீரைக் கொட்டிவிடாதீர்கள். சீனக்காரம் ஏற்றிய பருத்தி நூல் கண்டு ஒன்றை அதில் இட்டு மீண்டும் சூடாக்கினால் மெல்லிய ரோசா நிறம் கிடைக்கும். சாயமேற்றிய ஒவ்வொரு துணியிலிருந்தும் விரலகலத் துண்டொன்றை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டி, வேரின் வயதையும் எடையையும் நாளையும், அவற்றோடு நீர் அள்ளிய கிணறு எதுவென்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். என் கொப்பியில் இப்போது ஏழு கிணறுகளின் சிவப்பு இருக்கிறது.